வெயில் ஒவ்வாமை: காரணமும் காப்பும்

வெயிலால் தோலில் உண்டாகும் கோளாறுகள் இரண்டு வகைப்படும். அளவுக்கு மீறி வெயில் பட்டால் யாருக்கும் வரக்கூடிய வெயில்புண் முதல் வகை. பக்கத்தில் நிற்பவரை ஒன்றும் செய்யாத அதே வெயில், ஒருவருக்கு மட்டும் அரிப்பாகவும் தடிப்பாகவும் கொப்புளமாகவும் மாறுவது இரண்டாம் வகை. இந்த இரண்டாம் வகையைத்தான் பொதுவாக வெயில் ஒவ்வாமை என்கிறார்கள். இதில் வெயில் பெரும்பாலும் தனியாக வேலை செய்வதில்லை. விழுங்கிய மாத்திரை, கையில் பட்ட செடியின் சாறு, முகத்தில் பூசிய களிம்பு, உடலின் எதிர்ப்பாற்றலில் ஏற்பட்ட பிறழ்வு என இரண்டாவதாக ஒன்று அதனுடன் சேர்ந்திருக்கும். வெயிலை ஒழிக்க முடியாது. கூட வருவதைக் கண்டுபிடித்து விலக்கலாம். வெயில் ஒவ்வாமையோடு வாழ்வதன் அடிப்படை இதுவே.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் அருகே அமைந்த பெருங்கடவிளை வட்டாரத்தில் இந்தக் கேள்வி அன்றாடப் பிழைப்போடு தொடர்புடையது. ரப்பர் வெட்டு, மரச்சீனியும் வாழையும் பயிரிடும் புரையிடங்கள், கல்குவாரி, கட்டட வேலை, ஊராட்சியின் தொழிலுறுதித் திட்டம் என இங்கு பெரும்பாலான வேலைகள் வானத்தின் கீழ்தான் நடக்கின்றன.

கதிரும் கோணமும்

தோலைப் பாதிப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். அதில் யூ.வி.பி என்பது ஏறத்தாழ 280 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்டது. இது தோலின் மேலடுக்கில் உள்ள செல்களின் டி.என்.ஏவைத் தாக்கி வெயில்புண்ணை உண்டாக்குகிறது. யூ.வி.ஏ 315 முதல் 400 நானோமீட்டர் வரை உள்ளது. இது இன்னும் ஆழமாக இறங்கும். மருந்துகளோடும் செடிச் சாறுகளோடும் சேர்ந்து வினைபுரிவது பெரும்பாலும் இதுதான். ஜன்னல் கண்ணாடி யூ.வி.பியைத் தடுத்துவிடும், யூ.வி.ஏவில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். அதனால்தான் காருக்குள் உட்கார்ந்து பயணம் செய்பவருக்கும் தடிப்பு வருகிறது.

பெருங்கடவிளை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 8.4 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் இறுதியிலும் சூரியன் இங்கு நேர் உச்சிக்கு வருகிறது. டிசம்பரில்கூட நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 58 பாகை உயரத்தில் நிற்கும். இலண்டனில் ஜூன் மாத நண்பகலில் அது எட்டும் உயரம் 62 பாகை. இங்குள்ள மிகத் தாழ்ந்த நண்பகல் சூரியனும் இலண்டனின் மிக உயர்ந்த சூரியனுக்குக் கிட்டத்தட்ட இணை என்று பொருள். வெப்பமண்டலத்தில் ஓசோன் படலமும் மெலிந்தே இருப்பதால், புற ஊதாக் கதிர் ஆண்டு முழுவதும் வலுவாகவே தரையை அடைகிறது.

கதிரின் வலுவைச் சொல்ல உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட அளவுகோல் யூ.வி குறியீடு. 3க்குக் கீழ் குறைவு, 6 அதிகம், 8 மிக அதிகம், 11ஐ எட்டினால் அதிதீவிரம். கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2025 கோடையில் பல இடங்களின் குறியீட்டை வெளியிட்டு, 6, 7 அளவுக்கு மஞ்சள், 8 முதல் 10 வரை ஆரஞ்சு, 11ம் அதற்கு மேலும் சிவப்பு என எச்சரிக்கை விடுத்தது. இந்த எண் வெப்பத்தைக் காட்டுவதல்ல. மெல்லிய மேகம் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை அனுமதித்துவிடும். மழை ஓய்ந்து காற்று குளிர்ந்திருக்கும் பகலிலும் குறியீடு உயர்ந்திருக்கலாம். உடம்பு சுடவில்லை என்பதற்காகத் தோல் தப்பித்துவிட்டதாகக் கொள்ள முடியாது.

கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை. தோலின் நிறமியான மெலனின் கதிரின் ஒரு பங்கை வடிகட்டுகிறது. வெயில்புண்ணும் தோல் புற்றும் வெளிறிய தோலைவிடக் குறைவாகவே வருகின்றன. ஆனால் மருந்தாலும் செடியாலும் எதிர்ப்பாற்றல் பிறழ்வாலும் வரும் எதிர்வினைகளை மெலனின் தடுத்து நிறுத்துவதில்லை. மாநிறத் தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. அது சாம்பல் கலந்த ஊதாவாகவோ பழுப்பாகவோ தோன்றும். அதனால் நோய் கவனத்துக்கு வரத் தாமதமாகிறது. ஆறிய பிறகு கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது.

தோலில் தெரியும் தடயம்

ஒரு தடிப்பு வெயிலால் வந்ததா என்பதை அது இருக்கும் இடமே பெரும்பாலும் சொல்லிவிடும். நெற்றி, மூக்கு, கன்ன மேடு, காது மடல், பிடரி, முன்கையின் வெளிப்புறம், புறங்கை ஆகிய இடங்களில் தடிப்பு இருக்கும். மேல் இமை, முகவாயின் அடி, காதுக்குப் பின்புறம், கைக்கடிகாரப் பட்டையின் அடி ஆகியவை தப்பியிருக்கும். ரவிக்கைக் கை முடியும் இடத்தில் கோடு கிழித்தது போலத் தடிப்பு நிற்குமானால் ஐயத்துக்கு இடமே இல்லை. மாறாக, இமையிலும் காதுக்குப் பின்னாலும் முகவாயின் அடியிலும் தடிப்பு இருந்தால் காற்றில் பறந்து வரும் மகரந்தம், தூசி போன்றவற்றை ஐயுற வேண்டும். சேர் மரத்தின் பால் பட்டு வரும் புண் நிழலில் நின்றவருக்கும் வரும்; அதற்கு வெயில் தேவையில்லை. வியர்க்குரு துணி மூடிய இடத்திலும் மடிப்புகளிலும் வரும். அது வெப்பத்தின் விளைவு, ஒளியின் விளைவல்ல.

இரண்டாவது தடயம் நேரம். வெயிலில் இறங்கிய சில நிமிடங்களில் தடித்து, நிழலுக்கு வந்தபின் ஒரு நாளுக்குள் சுவடின்றி மறைந்தால் அது வெயிலால் வரும் காணாக்கடி. சில மணி நேரத்தில் எரிச்சலும் சிவப்புமாக வந்தால் வெயில்புண் அல்லது மருந்தின் விளைவு. சில மணி நேரம் முதல் ஓரிரு நாள் கழித்து அரிக்கும் சிறு பருக்கள் தோன்றி, ஒரு வாரம், பத்து நாளில் அடங்கினால் பாலிமார்ஃபிக் லைட் எரப்ஷன் எனப்படும் ஒளித்தடிப்பு. இரண்டு, மூன்று நாள் கழித்துக் கோடு கோடாகக் கொப்புளமும் கறுப்பும் தெரிந்தால் செடிச் சாறு. வாரக்கணக்கில் ஆறாமல் தோல் தடித்துக்கொண்டே போனால் நாட்பட்ட ஒளிக்கரப்பானையோ லூபஸ் என்ற எதிர்ப்பாற்றல் நோயையோ தேட வேண்டும்.

வெயிலோடு சேரும் மருந்துகள்

கேரளத்தில் வெயிலும் மருந்தும் சந்திக்கும் முக்கியமான இடம் டாக்ஸிசைக்ளின். எலிக்காய்ச்சலைத் தடுக்க, சேற்றிலும் தேங்கிய நீரிலும் வேலை செய்பவர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் என்ற அளவில் இந்த மாத்திரை தரப்படுகிறது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு மாநிலம் முழுவதும் மீட்புப் பணியாளர்களுக்கும் தூய்மைப் பணியில் இறங்கியவர்களுக்கும் பெருமளவில் வழங்கப்பட்டது. வாய்க்கால் தூர்வாரும் தொழிலுறுதித் தொழிலாளர்கள் இன்றும் இதை விழுங்குகிறார்கள். டாக்ஸிசைக்ளின் மூலக்கூறு தோலில் இருக்கும்போது யூ.வி.ஏ பட்டால் ஆற்றலை உறிஞ்சி, செல்களைச் சிதைக்கும் ஆக்சிஜன் வடிவங்களை உண்டாக்குகிறது. இது ஒவ்வாமை அல்ல, நச்சு வினை. போதிய மருந்தும் போதிய வெயிலும் சேர்ந்தால் யாருக்கும் நேரலாம். முகத்திலும் புறங்கையிலும் சுடுநீர் பட்டது போன்ற எரிச்சல், சில சமயம் நகம் சதையிலிருந்து பிரிவது ஆகியவை இதன் அடையாளம்.

இதற்காக மாத்திரையை நிறுத்துவது பெரும் தவறு. எலிக்காய்ச்சல் உயிரைக் கொல்லும்; வெயில் எரிச்சல் கொல்லாது. மருந்து உடலில் வலுவாக இருப்பது முதல் மூன்று, நான்கு நாட்கள்தான். வாரத்தின் எந்த நாளில் விழுங்கினால் வேலையில்லாத நாள் முதலில் அமையும் என்பதைச் சுகாதாரப் பணியாளரிடம் கேட்டுத் தீர்மானிக்கலாம். அந்த நாட்களில் முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியும் கட்டாயம்.

வெயிலோடு சேர்ந்து வினைபுரியும் மருந்துகள் வேறு பலவும் உண்டு. இரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு, நீர் பிரிய வைக்கும் ஃப்ரூஸ்மைடு, இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன், சிப்ரோஃப்ளாக்சசின் வகை நுண்ணுயிர்க்கொல்லிகள், நாப்ராக்சன், பைராக்சிகாம் போன்ற வலி மாத்திரைகள், மனநோய்க்கான குளோர்ப்ரோமசின் ஆகியவை அவற்றில் அடிக்கடி பார்ப்பவை. மூட்டுவலிக்குத் தடவும் கீட்டோப்ரொஃபென் ஜெல் தனி வகை. அது எதிர்ப்பாற்றலைத் தூண்டி உண்மையான ஒளி ஒவ்வாமையை உண்டாக்கும். பூசுவதை நிறுத்திச் சில வாரங்கள் கழித்தும் வெயில் பட்டால் தடிப்பு திரும்பலாம்.

எல்லைக் கிராமங்களில் இதில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. ஒரே குடும்பம் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் மருத்துவம் பார்க்கும். களியக்காவிளை தாண்டிக் குழித்துறைக்கும் நாகர்கோவில் ஆசாரிபள்ளத்துக்கும் போகும். ஒரு மருத்துவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. தோல் மருத்துவரிடம் போகும்போது, களிம்பும் நாட்டு மருந்தும் உட்பட வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும் ஒரே பையில் எடுத்துச் செல்வது விலையுயர்ந்த பல பரிசோதனைகளைவிடப் பயன் தரும்.

செடியும் களிம்பும்

எலுமிச்சை, நாரத்தை, அத்தி, அருவதா போன்ற தாவரங்களில் ஃப்யூரோகூமரின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. எலுமிச்சையைப் பிழிந்த கையோடு வெயிலில் நின்றால் சாறு வழிந்த தடத்திலேயே கொப்புளம் எழும்பி, பிறகு கறுத்துப்போகும். குழந்தையின் தோளில் விரல் தடம் போன்ற கறுப்பு தெரிந்து, அது அடி என்று தவறாக ஐயுறப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. சாறு பட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவிய பின் வெயிலுக்குப் போனால் போதும், இது வராது.

இதே வினை மருந்தாகவும் பயன்படுகிறது. சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் வெண்புள்ளிக்குத் தரப்படும் கார்போகரிசியில் இருப்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சோரலென்தான். எகிப்தில் எல் மொஃப்டி 1948இல் இன்னொரு தாவரத்தின் சோரலெனைக் கொண்டு வெண்புள்ளிக்குச் சிகிச்சை செய்தார். அதன் வளர்ச்சியே 1974இல் சொரியாசிஸுக்கு அறிமுகமான பூவா சிகிச்சை. மருத்துவமனையில் கதிரின் அளவு நொடிக் கணக்கில் கட்டுப்படுத்தப்படுகிறது. வீட்டில் கார்போகரிசி எண்ணெயைப் பூசிக்கொண்டு முற்றத்து வெயிலில் அமர்பவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால்தான் ஆழமான கொப்புளங்கள் வருகின்றன.

பார்த்தீனியம் வேறு வழியில் துன்புறுத்துகிறது. 1950களில் இறக்குமதிக் கோதுமையோடு வந்ததாகக் கருதப்படும் இச்செடி புனேயில் முதலில் கவனிக்கப்பட்டு நாடெங்கும் பரவியது. அதன் சருகுத்துகள் பட்டு முதலில் இமையிலும் கழுத்து மடிப்பிலும் கரப்பான் வருகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல, சிலருக்கு அது வெயில் படும் இடமெங்கும் தோல் தடிக்கும் நாட்பட்ட ஒளிக்கரப்பானாக மாறிவிடுகிறது. பெரும்பாலும் நடுவயது கடந்த விவசாயிகளே இதற்கு ஆளாகிறார்கள்.

முகத்தை வெளுக்க வைப்பதாகச் சொல்லி விற்கப்படும் ஸ்டீராய்டு களிம்புகள் இன்னொரு பெரும் காரணம். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் கலந்த களிம்பை மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, இரத்தக் குழாய் தெரிந்து, சிறு வெயிலும் எரியத் தொடங்கும். நிறுத்தினால் எரிச்சல் கூடுவதால் மறுபடியும் பூசுவார்கள், சுழற்சி தொடரும். 2018இல் மத்திய அரசு இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டு இன்றி விற்கத் தடை விதித்தது. ஆனாலும் மங்குக்கும் பருவுக்கும் இவற்றைக் கடையில் கேட்டு வாங்கும் பழக்கம் நின்றபாடில்லை. இதில் சிக்கியவர் தானாக நிறுத்தாமல் தோல் மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாக வெளிவர வேண்டும்.

உடலுக்குள் இருக்கும் காரணங்கள்

மருந்தும் செடியும் களிம்பும் காரணமில்லை என்றால் உடலுக்குள் தேட வேண்டும். மிகப் பரவலானது மேலே சொன்ன ஒளித்தடிப்பு. பெண்களிடமே அதிகம். இந்தியத் தோலில் இது பிடரியிலும் முன்கையிலும் ஊசிமுனை அளவுப் பருக்களாகவும், வெளிறிய அல்லது பழுப்புத் திட்டுகளாகவும் வரும். தேமல் என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள். கதிரால் மாற்றமடைந்த தோலின் மூலக்கூறுகளை எதிர்ப்பாற்றல் அந்நியப் பொருளாகக் கருதித் தாக்குவதே காரணம் எனக் கருதப்படுகிறது. வெயில் சிறிது சிறிதாகப் பழகினால் தோல் தாங்கும் தன்மை பெறுகிறது. வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டுத் திருவிழா நாளில் திடீரென முழுப்பகலும் வெளியே நிற்பவருக்கு அது கடுமையாக வருவது இதனால்தான்.

லூபஸ் இவற்றில் மிகக் கவனம் தேவைப்படுவது. ஒன்பது பெண்களுக்கு ஓர் ஆண் என்ற விகிதத்தில், பெரும்பாலும் இளவயதில் வருகிறது. இரு கன்னங்களையும் மூக்கையும் இணைக்கும் சிவப்பு, மூக்கோர மடிப்பை விட்டுவைத்திருக்கும். மூட்டுவலி, முடி உதிர்தல், வாய்ப்புண், விட்டு விட்டுக் காய்ச்சல் ஆகியவை கூட வரும். வெயில் தோலை மட்டுமல்லாமல் உள்நோயையும் கிளறிவிடக்கூடும், சிறுநீரகம் பாதிக்கப்படலாம். ஏ.என்.ஏ எனப்படும் இரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் இதில் தாமதிக்கக் கூடாதவை.

நியாசின் என்ற வைட்டமின் குறைந்தால் பெல்லாக்ரா வருகிறது. கழுத்தைச் சுற்றி மாலை போட்டது போலவும் புறங்கையில் உறை மாட்டியது போலவும் தோல் கறுத்துச் செதிலாகும். ஹைதராபாத்தில் சி. கோபாலனும் எஸ்.ஜி. ஸ்ரீகாந்தியாவும் சோளத்தையே முழு உணவாகக் கொண்ட ஏழைகளிடம் இதை ஆராய்ந்து 1960இல் வெளியிட்டார்கள். அரிசி உண்ணும் தெற்கில், உணவை ஒதுக்கி மதுவிலேயே நாள் கழிப்பவர்களிடமும் காசநோய்க்கு ஐசோநியாசிட் உண்பவர்களில் சிலரிடமும் இது தோன்றுகிறது. காரணம் தெரிந்தால் நியாசின் மாத்திரையால் விரைவில் குணமாகும்.

பச்சிளம் பருவத்திலேயே வெயில் பட்டு அழும் குழந்தையைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். டி.என்.ஏவைச் செப்பனிடும் திறன் இல்லாத சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற அரிய பரம்பரை நோயில் சிறுவயதிலேயே முகமெங்கும் புள்ளிகளும் தோல் புற்றும் வரும். நெருங்கிய உறவில் நடக்கும் திருமணங்களில் இத்தகைய நோய்களின் வாய்ப்பு கூடுகிறது. தடிப்பே இல்லாமல் வெயிலில் கை எரிகிறது என்று துடிக்கும் குழந்தைக்கு போர்ஃபிரியா இருக்கலாம். அந்த நோயில் கண்ணாடியைக் கடந்து வரும் ஒளியும் போதும்.

வேலை, துணி, நிழல்

நாளின் புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 60 விழுக்காடு நண்பகலை ஒட்டிய நான்கு மணி நேரத்தில் இறங்குகிறது. பெருங்கடவிளையில் சூரிய நண்பகல் கடிகாரத்தில் 12 மணிக்கு வருவதில்லை, சுமார் 12.20க்கு வருகிறது. எனவே கடுமையான நேரம் ஏறத்தாழ 10.20 முதல் 2.20 வரை. கேரளத் தொழிலாளர் துறை கோடைதோறும் வெளிவேலையாட்களுக்கு 12 முதல் 3 மணி வரை ஓய்வு அறிவிக்கிறது. 2025இல் இது பிப்ரவரி 11 முதல் மே 10 வரை நடைமுறையில் இருந்தது. வெப்பத்தை முன்னிட்டுச் செய்த இந்த ஏற்பாடு தோலுக்கும் காப்பு. ஆனால் வெயில் ஒவ்வாமை உள்ளவர் காலை பத்தரைக்கே ஒதுங்கியாக வேண்டும்.

ரப்பர் வெட்டு இயல்பாகவே விடியலுக்கு முன் தொடங்கும் வேலை. பால் அப்போதுதான் நன்றாக வடியும். எனவே வெட்டுக்காரருக்கு வெயில் குறைவு. ஆனால் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துவிடுகின்றன. சூரியன் வலுக்கத் தொடங்கும் மாதங்களில் தோட்டத்தின் நிழல் இல்லாமல் போகிறது; அந்தக் காலத்தில் ரப்பர் நிழலை நம்பக் கூடாது. திறந்த வெளியில் நிற்கும் ஒற்றை மரமும் குடையும் நேர்க்கதிரைத்தான் மறைக்கும். புற ஊதாக் கதிரில் கணிசமான பங்கு வானமெங்கும் சிதறிப் பக்கவாட்டில் வருவதால் குடையின் கீழும் கை மூடியிருக்க வேண்டும்.

தினக்கூலியில் வாழ்பவருக்குக் களிம்பைவிடத் துணியே நம்பத்தக்க காப்பு. துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இழைகளுக்கிடையே ஒளி தெரிகிறதா என்று பார்த்தாலே அதன் தரம் புரியும். பாலராமபுரத்து நேரியது போன்ற மெல்லிய வெள்ளைப் பருத்தி உடலுக்குக் குளிர்ச்சி, கதிரைத் தடுப்பதில் பலவீனம். நனைந்தால் இன்னும் பலவீனம். நெருங்கிய நெசவுள்ள, ஆழ்ந்த நிறமுள்ள, தளர்வான முழுக்கைச் சட்டை பல மடங்கு மேல். வயல் வேலைக்குப் பழையவர்கள் அணிந்த கமுகம்பாளைத் தொப்பி கதிரை ஊடுருவ விடாது. தலையில் கட்டும் துவர்த்தை, பிடரியும் காதும் மறையும்படி முனையைப் பின்னால் தொங்கவிட்டுக் கட்டலாம்.

நெய்யாற்றின்கரையிலிருந்து திருவனந்தபுரத்துக்குத் தினமும் பேருந்தில் போகிறவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. சாலை வடமேற்காகப் போவதால் காலையில் வெயில் பெரும்பாலும் வலப்பக்கம் விழுகிறது. மாலையில் திரும்பும்போதும் வலப்பக்கமே. இருவேளையும் இடப்பக்க இருக்கை நல்லது.

வெயில் தடுப்புக் களிம்பு வாங்க முடிந்தவர்கள் எஸ்.பி.எஃப் 30க்குக் குறையாமலும் யூ.வி.ஏவையும் தடுப்பதாகவும் பார்த்து வாங்க வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் அரைத் தேக்கரண்டி தேவை; பலர் பூசுவது அதில் கால் பங்கு. வியர்வையில் கரைவதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள களிம்பு பொருந்தும். அது கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கிறது.

மருத்துவமும் கண்காணிப்பும்

ஒளித்தடிப்புக்குக் குறுகிய காலம் ஸ்டீராய்டு களிம்பும், அடிக்கடி வருபவர்களுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயினும் தரப்படுகின்றன. பின்னதை ஆண்டுக்கணக்கில் உண்பவர்கள் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கோடைக்கு முன்பே 311 நானோமீட்டர் கதிரைச் சிறு அளவுகளில் கொடுத்துத் தோலைப் பழக்கும் முறையும் உண்டு. வெயில் காணாக்கடிக்கு ஆன்டிஹிஸ்டமின் மாத்திரைகள் முதல் மருந்து. பார்த்தீனியக் கரப்பானுக்கு அசதயோபிரின் பயன்படுவதை டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் நிறுவியுள்ளனர். எந்தப் பொருள் காரணம் எனத் தெரியாதபோது, ஐயத்துக்குரிய பொருட்களை முதுகில் ஒட்டி ஒருபுறம் மட்டும் யூ.வி.ஏ செலுத்திப் பார்க்கும் ஃபோட்டோபேட்ச் சோதனை உதவும்.

வெயிலை முற்றிலும் தவிர்ப்பவர்களுக்கு வைட்டமின் டி குறையும். மீனும் முட்டையும் ஓரளவு ஈடுகட்டும். போதாதபோது மருத்துவர் அளவு சொல்லி மாத்திரை தருவார்.

தடிப்புடன் காய்ச்சலோ மூட்டுவலியோ வருதல், வாய்ப்புண், சிறுநீரில் நுரை, கண் எரிச்சல், பரவலான கொப்புளம், ஒரு மாதம் கடந்தும் ஆறாத புண், குழந்தைக்கு வெயிலில் வலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்ற தடிப்புகளில் முதல் வேலை, எந்த இடத்தில் வந்தது, வெயில் பட்டு எவ்வளவு நேரத்தில் வந்தது, அந்த வாரத்தில் விழுங்கியதும் பூசியதும் தொட்டதும் என்ன என்று குறித்துக்கொள்வது. அந்தக் குறிப்பைக் கையில் கொண்டுபோனால் மருத்துவர் காரணத்தை எளிதில் நெருங்கிவிடுவார். காரணம் தெரிந்துவிட்டால் பெரும்பாலோர் வேலையைக் கைவிடாமலேயே, நேரத்தையும் துணியையும் மாற்றிக்கொண்டு நலமாக வாழ முடியும்.